ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி.யா? – பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



கோடை விடுமுறை நெருங்கும்போது மின்கம்பத் தட்டிகளிலும் நாளிதழுக்குள் செருகி வரும் துண்டறிக்கைகளிலும் ஒரே அழைப்பு வந்துவிடுகிறது: ஆறாம் வகுப்பிலிருந்தே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் பயிற்சி. சில தனியார் பள்ளிகள் அதைப் பாடவேளைக்குள்ளேயே சேர்த்துத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொள்கின்றன. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் இருபடிச் சமன்பாடு, முக்கோணவியல் என்று மேல்வகுப்புப் பாடங்களைத் தொட்டுவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. அந்தக் கட்டணத்தைக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பணத்தைப் பற்றிய கவலை எனக்கு இரண்டாம்பட்சம். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளில் கணக்குப் பாடம் பிள்ளைகளிடம் கேட்கும் வேலை நாம் நினைப்பதைவிடப் பெரியது. அது முடியும் முன்பே அவர்களை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போனால் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

அப்படி என்ன பெரிய வேலை? தமிழ்நாட்டின் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். 2018இல் தொடங்கி வகுப்புவாரியாக வெளிவந்த நூல்களில் ஆறாம் வகுப்புக்கு விகிதமும் விகிதசமமும், பின்னங்கள், முழுக்கள், இயற்கணித அறிமுகம். ஏழுக்குத் தசம எண்கள், நேர்விகிதம், எதிர்விகிதம், சதவீதம், தனிவட்டி, முற்றொருமைகள். எட்டுக்கு விகிதமுறு எண்கள், கூட்டுவட்டி, சமன்பாடுகள், வரைபடம். பட்டியலாகப் பார்த்தால் தொடர்பில்லாத தலைப்புகள் போலத் தோன்றும். நெருங்கிப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே குடும்பம். பின்னம்தான் விகிதமாகிறது. விகிதத்தை நூற்றுக்கு என்று சொன்னால் சதவீதம். சதவீதத்தோடு காலம் சேர்ந்தால் வட்டி. இரண்டு அளவுகள் ஒரே விகிதத்தில் வளர்வதை வரைந்தால் நேர்க்கோடு. பத்தாம் வகுப்பில் வரும் வடிவொத்த முக்கோணங்களும் இதே குடும்பம்தான். பலரும் அஞ்சும் 'சைன்', 'காஸ்' இரண்டும் முக்கோணப் பக்கங்களின் விகிதங்களே. ஃபவுண்டேஷன் வகுப்பு எந்த மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டித் தருவதாகச் சொல்கிறதோ, அந்தப் பாடத்தின் அடித்தளம் உங்கள் பிள்ளையின் இன்றைய பாடநூலிலேயே, பின்னம் என்ற அத்தியாயத்தில் இருக்கிறது.

பின்னம் சுலபமான பாடம் என்று பெரியவர்களாகிய நாம் நினைத்துக்கொள்கிறோம். குழந்தைக்கு அது தலைகீழ் மாற்றம். ஐந்தாம் வகுப்புவரை அது பழகிய எண்ணுலகத்தில் பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண் என்று ஒன்று உண்டு. இலக்கங்கள் கூடினால் மதிப்பும் கூடும். பின்னத்தில் இந்த நான்கு நம்பிக்கைகளும் உடைகின்றன. எட்டை அரையால் பெருக்கினால் நான்கு, அரையால் வகுத்தால் பதினாறு. அரைக்கு 'அடுத்த' எண் எது என்று கேட்டால் பதிலே கிடையாது. அரைக்கும் முக்காலுக்கும் இடையில் எத்தனை எண்களை வேண்டுமானாலும் நுழைக்கலாம். 35 என்பது 6ஐவிடப் பெரிது, ஆனால் 0.35 என்பது 0.6ஐவிடச் சிறிது. இங்கே தடுக்கி விழும் பிள்ளையைக் கவனம் போதாதவன் என்று திட்டுகிறோம். அவனோ நேற்றுவரை ஒருமுறையும் பொய்க்காத விதியைத்தான் இன்றும் நம்புகிறான். அதை விட்டுப் புதிய விதிக்கு மாற அவனுக்குக் காலம் வேண்டும், தவறு செய்ய இடமும் வேண்டும்.

அந்தக் காலம் கிடைக்காதபோது என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய சான்று இருக்கிறது. 1978இல் அந்நாட்டுத் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. 12/13, 7/8 இரண்டையும் கூட்டினால் வரும் விடை 1, 2, 19, 21 ஆகிய நான்கில் எதற்கு மிக அருகில் இருக்கும்? கணக்கே போட வேண்டாம். இரண்டு பின்னங்களும் ஒன்றைவிடச் சற்றுத்தான் குறைவு. ஆகவே கூட்டினால் இரண்டுக்குப் பக்கத்தில் வரும். அப்படிச் சொன்னவர்கள் 24 விழுக்காட்டினர்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ள எண்களைக் கூட்டினால் 19, கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 21. 12/13 என்பது எவ்வளவு என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு எண்களும் நடுவில் ஒரு கோடும் மட்டுமே தெரிந்தன. 36 ஆண்டுகள் கழித்து, இயற்கணிதம் படித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவர்களின் சிறு குழு ஒன்றிடம் ஆய்வாளர்கள் இதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 27 விழுக்காடு. எக்ஸ், ஒய் என்று சமன்பாடு போடும் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளைகள் அவர்கள்.

அமெரிக்கப் பிள்ளைகள் கணக்கில் மட்டம், நம்மூர்ப் பிள்ளைகள் அப்படியல்ல என்ற பெருமிதம் நம்மில் பலருக்கு உண்டு. 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டு 'பிசா' தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடு கலந்துகொண்டது. கணிதத்தில் நம் சராசரி 351; வளர்ந்த நாடுகளின் சராசரி 496. அது பழைய கதை, பாடநூல்கள் பிறகு மாறிவிட்டன, உண்மைதான். அண்மைய தகவலும் இருக்கிறது. ஊரகப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, இந்திய அளவில் எட்டாம் வகுப்புப் படிப்போரில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 45.8 விழுக்காடு. பாதிகூட இல்லை.

வகுத்தலும் பின்னமும் சேர்ந்து வருவது தற்செயலல்ல. ராபர்ட் சீக்லர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டன், அமெரிக்கா இரு நாடுகளிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை எடுத்து, பத்து வயதையொட்டி அவர்களுக்கு எந்தக் கணக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, பதினாறு வயதையொட்டி இயற்கணிதத்திலும் ஒட்டுமொத்தக் கணிதத்திலும் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, பொது அறிவுத்திறன், மற்ற கணக்குகளில் இருந்த திறமை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பின்னும் தனித்து நின்றவை இரண்டு: பின்னமும் வகுத்தலும். ஒன்றையொட்டி இன்னொன்று வருவதாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்று ஆகிவிடாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த ஆய்வு மட்டும் இருந்தால் நானும் தயங்குவேன். ஆனால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளில் இயற்கணிதப் பிழைகளைத் தேடுங்கள். கூட்டல்குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தை மேலும் கீழும் அடித்துவிடுவது, இரண்டு தலைகீழிகளைக் கூட்டச் சொன்னால் பகுதிகளைக் கூட்டிக் கீழே எழுதுவது என்று அவற்றில் பல, ஆறாம் வகுப்பின் பின்னப் பிழை எழுத்து வேடம் போட்டு வந்தவை.

மெதுவாகக் கற்பது என்று நான் சொல்வது அதே பயிற்சியை நூறு முறை எழுதவைப்பதல்ல. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், கொஞ்சம் நீளமானது. ஒரு மாணவி முதல் தேர்வில் பத்துக்கு ஏழு, அடுத்த தேர்வில் ஐந்துக்கு மூன்று வாங்குகிறாள். ஆசிரியர் இரண்டையும் சேர்த்துப் பதினைந்துக்குப் பத்து என்று போடுகிறார். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிவிட்டார்! கணக்குப் பாடத்தில் இதையே பிள்ளை செய்தால் சிவப்பு மையில் சுழிக்கிறாரே, ஏன்? ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டால் அந்தப் பாடவேளை முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம். மதிப்பெண்ணில் இரண்டு வேறு முழுமைகள் இருக்கின்றன, பத்து ஒன்று, ஐந்து ஒன்று. சேர்க்கும்போது முழுமையும் வளர்ந்து பதினைந்தாகிறது. பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றே, அது வளர்வதில்லை. சரி, அந்தத் 'தவறான' கூட்டல் எதைத்தான் தருகிறது? மூன்றில் ஒன்றையும் இரண்டில் ஒன்றையும் அப்படிக் கூட்டுங்கள், ஐந்தில் இரண்டு வரும். அது அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எந்த இரண்டு வேறு பின்னங்களை எடுத்தாலும் அப்படித்தானா? முயன்று பார்க்கலாம், பிறகு ஏன் என்று கேட்கலாம். கூட்டல் விதி தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் இங்கே வேலை இருக்கிறது. மீ.சி.ம. கண்டு மேலே பெருக்கு என்ற வரியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் வகுப்பில் இது நடக்காது.

இயற்கணிதத்திலும் இதே நிலைதான். தீக்குச்சிகளால் ஒன்றையொட்டி ஒன்றாகச் சதுரங்கள் அடுக்கச் சொன்னால், ஒரு சதுரத்துக்கு நான்கு, இரண்டுக்கு ஏழு, மூன்றுக்குப் பத்து. நூறுக்கு? முதல் சதுரத்துக்கு நான்கு, பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று என்பாள் ஒருத்தி. மேலே நூறு, கீழே நூறு, நிற்கும் குச்சிகள் நூற்றொன்று என்பான் இன்னொருவன். இருவருக்கும் 301. இரண்டு வழிகளும் எல்லா எண்ணிக்கைக்கும் ஒன்றாகவே ஒத்துப்போகுமா என்று நிரூபிக்கப் புறப்படும்போதுதான் எழுத்து தேவைப்படுகிறது. முற்றொருமை என்பது இதுதான். சூத்திரப் பட்டியலில் முதல் வரியாக வந்து உட்காரும்போது பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. சமக்குறியே கூடப் பல பிள்ளைகளுக்கு 'விடை இதோ' என்ற அறிவிப்புதான். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டோடு நான்கைக் கூட்டினால் வருவது எந்த எண்ணோடு ஐந்தைக் கூட்டினால் வரும் என்பதை ஒரு கட்டம் விட்டு எழுதிக் கேட்டார்கள். சோதிக்கப்பட்ட 145 ஆறாம் வகுப்பு மாணவர்களில் ஒருவர்கூட ஏழு என்று எழுதவில்லை. பெரும்பாலானோர் சமக்குறியைக் கண்டதும் 12 என்று எழுதிவிட்டார்கள்.

முன்கூட்டிக் கற்பித்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வட கரோலினாவின் ஷார்லட்–மெக்லன்பர்க் பள்ளி மாவட்டம் 2000களின் தொடக்கத்தில் இயற்கணிதப் பாடத்தை எட்டாம் வகுப்புக்கே கொண்டுவந்து, நடுத்தர மாணவர்கள் பலரையும் அதில் சேர்த்தது. அப்படி முன்தள்ளப்பட்ட மாணவர்கள் இயற்கணிதத் தேர்வில் குறைவாக வாங்கினார்கள்; அடுத்து வந்த வடிவியலிலும் மேல்நிலை இயற்கணிதத்திலும் தேறும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடவில்லை, சில கட்டங்களில் குறைந்தது. பொருளியலாளர்கள் கிளாட்ஃபெல்டர், லாட், விக்டோர் மூவரும் செய்த ஆய்வு இது. அதே பள்ளி மாவட்டம், மாறியது வேகம். இதற்கு எதிர்த்துருவமாகச் சீன ஆசிரியர்களைப் பற்றி லீபிங் மா 1999இல் எழுதிய நூல் இருக்கிறது. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கணக்கைக் கொடுத்து, இதற்குப் பொருந்தும் ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள் என்று அவர் சீன, அமெரிக்க ஆசிரியர்களைக் கேட்டார். ஒன்றே முக்கால் லிட்டர் எண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் என்பது போல ஒன்று போதும். அமெரிக்க ஆசிரியர்கள் இருபத்து மூன்று பேரில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். பலர் அரையால் வகுப்பதை இரண்டாகப் பங்கிடுவதோடு குழப்பிக்கொண்டார்கள். சீன ஆசிரியர்கள் எழுபத்திரண்டு பேரில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் பட்டப்படிப்பு இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி மட்டுமே. படித்த கணக்கு கொஞ்சம், படித்தது ஆழம்.

போட்டி கடுமையாயிற்றே, நாங்கள் மட்டும் ஒதுங்கி நின்றால் எங்கள் பிள்ளை பின்தங்கிவிடாதா என்பது உங்கள் முதல் மறுப்பாக இருக்கும். ஐ.ஐ.டி. நுழைவுக்கான ஜே.இ.இ. முதல்நிலைத் தேர்வுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்கிறார்கள், ஐ.ஐ.டி.களில் இருக்கும் இடங்கள் பதினெட்டாயிரத்தை ஒட்டியவை. பயம் புரிகிறது. ஆனால் அந்தத் தேர்வின் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு உரியது. பழகிய வகைக் கணக்கைச் சற்றுத் திருப்பிக் கேட்பதே அதன் குணம். விதியை மட்டும் ஐந்து ஆண்டு முன்னதாக மனப்பாடம் செய்தவர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறைகளும் 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்றே சொல்கின்றன. அது கடைப்பிடிக்கப்படும் அழகு வேறு விஷயம். இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம்: தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. 2007 முதல் பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள்தாம் அளவுகோல்.

அடுத்த மறுப்பு நம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும்: வாய்ப்பாடு சொல்லி மனப்பாடம் செய்துதானே அந்தக் காலத்தில் கணக்கில் புலியாக இருந்தார்கள், இப்போது ஏன் புரிதல் புரிதல் என்று குழைகிறீர்கள்? மனப்பாடத்துக்கு நான் எதிரியல்ல. பதினாறாம் வாய்ப்பாடு நாவில் நின்றால் நல்லதே. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் முந்திரி என்ற 1/320, காணி என்ற 1/80, மா என்ற 1/20, அரைக்கால் என்ற 1/8 முதலிய பின்னங்களைக் குரலெடுத்துச் சொல்லிச் சொல்லியே மனத்தில் ஏற்றினார்கள். ஆனால் அவை நெல்லை அளக்கவும் நிலத்தை அளக்கவும் கூலியைப் பிரிக்கவும் அன்றாடம் பயன்பட்டவை. காணி எவ்வளவு என்று அந்தப் பிள்ளைக்குக் கண்ணால் தெரியும். நம் பிள்ளை மனப்பாடம் செய்யும் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற விதிக்கு அப்படியொரு அளவு பின்னால் இல்லை. பின்னத்தை அளவோடு சேர்த்துப் பழக்கிய அந்தப் பழைய பாடத்திட்டம், இன்றைய ஃபவுண்டேஷன் வகுப்பைவிட என் பக்கம்தான் நிற்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் எனக்கு உண்மையிலேயே கடினமான கேள்வி. பாடநூல் கணக்குகளை ஊதித் தள்ளிவிட்டு வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் காக்கவைப்பது அநியாயம். அவர்களில் வெகு சிலருக்கு மேல்வகுப்புப் பாடமே சரியான தீனி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு அதே பாடத்தில் இன்னும் கடினமான கேள்விகள் இருக்கின்றன. எந்தப் பின்னங்கள் முடிவுறு தசமமாகும், எவை முடிவின்றிச் சுழலும், ஏன்? ஒரு பொருளின் விலையை இருபது விழுக்காடு ஏற்றிப் பிறகு இருபது விழுக்காடு குறைத்தால் பழைய விலை ஏன் வருவதில்லை, எத்தனை விழுக்காடு குறைத்தால் வரும்? இவற்றுக்கு எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட எந்தச் சூத்திரமும் தேவையில்லை. ஆனால் இவற்றை முழுதாக விளக்கச் சொன்னால் பட்டதாரிகள் பலரும் தடுமாறுவார்கள். தேர்வில் 95 வாங்கும் பிள்ளையும் இங்கே சோதித்துப் பார்க்கத் தக்கவர்தான்; விதியைச் சரியாகப் போடுவதற்கு மதிப்பெண் தரும் வினாத்தாள் விதி ஏன் சரி என்று கேட்பது அரிது.

அரசுப் பள்ளிகளில், உதவிபெறும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்களுக்கு இந்த ஃபவுண்டேஷன் சண்டை எட்டாத் தொலைவில் தெரியலாம். உங்கள் பிரச்சினை அதன் மறுமுனை. பாடத்திட்டத்தை ஆண்டுக்குள் முடித்தாக வேண்டிய அவசரத்தில், வகுக்கத் தெரியாத பிள்ளையும் கூட்டுவட்டிக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி நிறுத்தம் இல்லை என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாமலே ஒன்பதுக்குப் போகிறது. பிள்ளையை நிறுத்திவைப்பது இதற்குத் தீர்வல்ல, நான் அதைக் கேட்கவுமில்லை. விட்டதைப் பிடிக்கக் காலம் ஒதுக்கச் சொல்கிறேன். ஆறு முதல் ஒன்பது வகுப்புகளுக்கென 2025இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'திறன்' திட்டம் அந்தத் திசையில் வைத்த அடி. அதன் பாடவேளைகள் உங்கள் பள்ளியில் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தாம்.

கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கே கொடுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றிப் பேசிவிட்டு, கணக்கைப் பற்றியும் கேளுங்கள்: ஆறாம் வகுப்பில் பின்னத்துக்கு எத்தனை வாரம் கொடுத்தீர்கள், அந்த அத்தியாயம் முடிந்தபோது எத்தனை பிள்ளைகளுக்கு 12/13 ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பது தெரிந்தது? தனியார் பள்ளிப் பெற்றோர் இதையே ஆசிரியர் சந்திப்பு நாளில் கேட்கலாம். ஃபவுண்டேஷன் படிவத்தில் கையெழுத்துப் போடுவதைப் பதில் வரும்வரை தள்ளிவையுங்கள்.